உலக விளையாட்டரங்கும் தேசிய உணர்ச்சியும்

மக்களை ஒன்றுசேர்க்கும் உணர்ச்சிகளுள் தேசிய உணர்ச்சி தலையாயது என்பதை வரலாறு பயின்றோர் மறுக்கார். அவ்வுணர்ச்சியே மக்களை மக்கள்மீது ஏவிவிடவும் வல்லது என்பதையும் அவர் அறிவர். இவ்விரு இயல்புகளையும் ஒருங்கே வைத்து நோக்குதற்கு ஏற்ற இடம் உலக விளையாட்டரங்கு. கொடியும் பண்ணும் சீருடையும் அங்கே உள. பல்லாயிரவர் ஓரிடத்திற் கூடி ஒரே குரலில் ஆரவாரிப்பதும் அங்கேதான். சர்வதேச விளையாட்டு நாடுகளிடையே நட்பை வளர்க்கின்றதா, பகையை வளர்க்கின்றதா என்பது கல்லூரி விவாத அரங்குகளுக்குப் பழகிய வினா. இருசாராரும் தத்தமக்கு ஏற்ற சான்றுகளை அடுக்கிவிட்டு அமர்வர். முடிவு மட்டும் பிறப்பதில்லை. விளையாட்டு ஏதோ ஓர் உணர்ச்சியைப் புதிதாகப் படைக்கின்றது என்று இரு திறத்தாரும் கொள்வதே அதற்குக் காரணம் எனக் கருதுகின்றேன். ஒரு சமூகத்தில் முன்னரே உள்ளதை, அஃது அன்பாயினும் சரி, வன்மமாயினும் சரி, ஓரிடத்திற் குவித்துக் காட்டுவதே விளையாட்டின் தொழில். சூரியகாந்தக் கண்ணாடி வெயிலை உண்டாக்குவதில்லை. ஆயினும் அதன்கீழ் வைத்த பஞ்சு பற்றிக்கொள்கின்றது.

இக்கால ஒலிம்பிக் விழாவை நிறுவிய பியர் டி குபேர்த்தன் என்னும் பிரெஞ்சுப் பிரபுவின் வாழ்விலேயே இவ்விரு இயல்புகளும் கலந்திருந்தன. 1863இற் பிறந்த அவர், 1870-71இல் பிரான்சு பிரசியாவிடம் தோல்வியுற்ற காலத்திற் சிறுவர். தம் நாட்டு இளைஞர் உடல்வலி குன்றியிருந்தமையை நினைந்து வருந்திய அவர் இங்கிலாந்து சென்று, அங்குள்ள பாடசாலைகளில், சிறப்பாகத் தோமஸ் ஆர்னல்ட் தலைமையாசிரியராய் இருந்து புகழ்பெற்ற றக்பிப் பாடசாலையில், விளையாட்டுக்கு அளிக்கப்பட்ட இடத்தைக் கண்டு வியந்தார். அவருடைய முயற்சியின் வேர் நாட்டுப்பற்று என்க. அதன் கிளைகளோ உலக சமாதானத்தை நோக்கிப் படர்ந்தன. 1894இற் பாரிசு நகரிலே மாநாடு கூட்டினார். 1896இல் ஏதென்சில் முதல் விழா நடந்தேறியது.

அம்முதல் விழாவில் நாடு என்னும் வேலி அத்துணை உயரமாக எழுந்திருக்கவில்லை. ஒக்ஸ்போர்ட்டிற் பயின்றுகொண்டிருந்த ஜோன் போலன்ட் என்னும் ஐரிஷ் இளைஞர் ஏதென்சுக்குச் சென்றவிடத்துத் தெனிசுப் போட்டியிற் சேர்ந்து தனியாட்டத்தில் வென்றார். ஒரு ஜேர்மானியரைத் துணையாகக் கொண்டு இரட்டையர் ஆட்டத்திலும் வென்றார். இன்று அத்தகைய இணை ஒலிம்பிக் அரங்கினுட் புகுதல் இயலாது. 1908ஆம் ஆண்டு இலண்டன் விழாவின்போது, நாட்டுக் குழுக்களின் வாயிலாகவே வீரர் சேர்க்கப்படுதல் வேண்டும் என்பது வழக்காயிற்று; வீரர் தத்தம் கொடியின் பின்னே அணிவகுத்து நடந்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னர் ஏதென்சில் நிகழ்ந்த இடைவிழா ஒன்றில், பீற்றர் ஓ'கொனர் என்னும் ஐரிஷ் வீரர் தம் வெற்றிக்காகப் பிரித்தானியக் கொடி ஏற்றப்பட்டதைப் பொறாது, கொடிக்கம்பத்தின்மீது ஏறி அயர்லாந்தின் பச்சைக் கொடியை வீசிக்காட்டினார். கொடி வந்தபோதே அஃது எவருடைய கொடி என்னும் வினாவும் உடன் வந்துவிட்டது. போட்டி வீரரிடையே நிகழ்வதேயன்றி நாடுகளிடையே நிகழ்வதன்று என ஒலிம்பிக் சாசனம் இன்றும் கூறுகின்றது. பதக்கங்களை நாடுவாரியாகக் கூட்டி அச்சிடாத பத்திரிகையை நான் கண்டதில்லை.

1936ஆம் ஆண்டு பேர்லின் விழாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஜெசி ஓவன்ஸைப் பற்றியே பேசுவர். இனப்பெருமை பேசிய ஹிட்லரின் தலைநகரிலே, கறுப்பினத்தவரான அவ்வமெரிக்க வீரர் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றமை உலகறிந்த செய்தி. நீளம் பாய்தலில் அவருக்கு அடுத்ததாக வந்த ஜேர்மானியரான லூஸ் லோங் எல்லோரும் காண அவரை வாழ்த்தித் தோழமை பூண்டமையும் பலர் அறிவர். லோங் 1943இற் சிசிலியிலே போரில் மாண்டார். எனினும், நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அவ்விழாவில் இதனினும் ஆழமான பாடம் ஒன்று உண்டு. அது மரதன் ஓட்டத்தைப் பற்றியது.

ஓகஸ்ற் 9ஆம் நாள் நிகழ்ந்த அவ்வோட்டத்தில் முதலாவதாக வந்தவர் யப்பான் நாட்டுக் கிற்றே சொன் என அறிவிக்கப்பட்டது. அவருடைய மெய்ப்பெயர் சொன் கீ-சுங். அவர் கொரிய நாட்டவர். 1910இல் யப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டமையாற் கொரிய வீரர் எவரும் யப்பானியக் கொடியின்கீழன்றி உலக அரங்கில் ஓடுதல் இயலாதாயிற்று. மூன்றாவதாக வந்த நம் சுங்-யொங் என்பவரும் கொரியரே. வெற்றிமேடையில் நின்ற இருவரும் யப்பானியப் பண் இசைக்கப்பட்டபோது தலைகுனிந்து நின்றனர். வெற்றியாளருக்கு அளிக்கப்பட்ட சிறு ஓக் மரக்கன்றைச் சொன் தம் மார்போடு அணைத்துப் பிடித்துச் சட்டையிலிருந்த சூரியச் சின்னத்தை மறைத்துக்கொண்டார். மறைத்தற்குக் கன்று இல்லாத நம் அதற்காகவே சொன்மீது பொறாமை கொண்டார் என்பர். கையெழுத்துக் கேட்டோர்க்குத் தம் பெயரைக் கொரிய எழுத்திலே எழுதிக்கொடுத்த சொன், தாம் கொரியர் என்பதையும் வினாவினோர்க்கு மறையாது கூறினார்.

அவர் செய்தது அவ்வளவே. தாய்நாட்டில் அதன் விளைவு பெரிதாயிற்று. டொங்-ஆ இல்போ என்னும் கொரியப் பத்திரிகை சொன்னின் படத்தை வெளியிட்டபோது மார்பிலிருந்த யப்பானியச் சின்னத்தை அழித்துவிட்டு அச்சிட்டது. அதற்காகப் பத்திரிகையாளர் சிறைப்பட்டனர். பத்திரிகை பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. ஒரே ஓட்டம், ஒரே வெற்றி. ஆள்வோருக்கு அது தம் பேரரசின் பெருமை. ஆளப்படுவோருக்கு அது தாம் அழிந்துவிடவில்லை என்பதற்குச் சான்று. தேசிய உணர்ச்சி நன்றா, தீதா என்று பொதுப்பட வினாவுவோர், இவ்விரண்டில் எதனைக் குறித்து வினாவுகின்றார் என்பதை முதலிலே தெளிவுபடுத்துதல் வேண்டும். ஒருவனுடைய பெயரைப் பறித்து வேறு பெயர் இடுவதும் தேசியந்தான். பறிபோன பெயரைத் தன் எழுத்தில் எழுதிக்காட்டுவதும் தேசியந்தான். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் அறிவுடைமையாகாது.

சொன் நெடுங்காலம் வாழ்ந்தார். 1988இற் சியோல் நகரில் ஒலிம்பிக் விழா நிகழ்ந்தபோது, எழுபத்தைந்து அகவையைக் கடந்திருந்த அவர் சுடரேந்தி அரங்கினுள் ஓடிவந்தார். 1992இற் பார்சிலோனாவில் ஹ்வாங் யொங்-சோ என்னும் கொரியர் மரதன் ஓட்டத்தில் யப்பானிய வீரரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளித் தங்கம் வென்றதைச் சொன் அரங்கிலிருந்து கண்டார். அந்நாளும் ஓகஸ்ற் 9ஆம் நாளே. பேர்லினிற் பெற்ற கன்று சியோலில் அவர் பயின்ற பாடசாலை வளவில் நடப்பெற்றுப் பெருமரமாக நிற்கின்றது. ஒலிம்பிக் பதிவேட்டில் மட்டும் அவ்வெற்றி இன்றும் யப்பானின் கணக்கிலேயே இருக்கின்றது.

இனி, ஓர் ஓட்டக்காரனின் கால்களோடு ஒரு நாட்டின் மானம் பிணைக்கப்படுவது எவ்வாறு என்பதையும் சிறிது ஆராய்தல் தகும். நாடு என்பது கண்ணாற் காணமுடியாத ஒரு பொருள். அதிலுள்ள கோடிக்கணக்கானோரில் ஒருவன் அறிந்தவர் சில நூற்றுவரே. காணமுடியாத அப்பெருங்கூட்டம், பெயரறிந்த பதினொருவர் மைதானத்தில் இறங்கும்போது கண்முன் நிற்பதாகத் தோன்றுகின்றது என வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போம் 1990இல் வெளியிட்ட நூலிற் காட்டியுள்ளார். அரசியற் சட்டத்தையும் வரவுசெலவுத் திட்டத்தையும் விளங்கிக்கொள்ளாதவனுக்கும் வெற்றி தோல்வி விளங்கும்.

ஆசிரியராயிருப்போர்க்கு இதற்கு உலகநூல்கள் வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்த மாணவனை இடாப்பின் வரிசைப்படி ஏதோ ஓர் இல்லத்தில் நாம் சேர்த்துவிடுகின்றோம். பச்சை இல்லம் என்பதற்கும் அவனுக்கும் முன்பின் தொடர்பில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி நாளிலோ அவன் பச்சைக் கொடியை ஆட்டித் தொண்டை கட்டும்வரை கத்துகின்றான். வடக்கின் பழைய கல்லூரிகளாகிய மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்துவரும் கிரிக்கெற் போட்டிக்கு 'வடக்கின் பெருஞ்சமர்' என்று பெயரிட்டிருக்கின்றோம். பெயரிற் சமர் இருந்தும் இரு கல்லூரிப் பழைய மாணவரும் ஒரே பந்தலிலிருந்து உணவருந்திப் பிரிகின்றனர். பச்சை இல்லத்தவனுக்கு நீல இல்லத்தவன்மீது தீர்க்கவேண்டிய பழைய கணக்கு எதுவும் இல்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கின்றது.

ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் இவ்வாறு கருதவில்லை. 1945இன் இறுதியிலே மொஸ்கோவின் டைனமோ உதைபந்தாட்டக் குழு பிரித்தானியாவிற் சுற்றுப்பயணம் செய்து திரும்பிய பின்னர் அவர் எழுதிய கட்டுரையில், சர்வதேச விளையாட்டு பகைக்கு ஓயாத ஊற்று என்றும், அது போரின் சாயலே என்றும் வாதிட்டார். அவருடைய கூற்றிற் பெரும்பகுதியை ஏற்கலாம். ஆனால் ஊற்று எது, வாய்க்கால் எது என்பதில் அவர் கவனம் போதாது என்றே தோன்றுகின்றது. ஓர்வெல் பக்கம் நிற்போர் முதன்மையாக எடுத்துக்காட்டுவது 1969இல் மத்திய அமெரிக்காவில் நிகழ்ந்த 'உதைபந்தாட்டப் போர்'. அதனைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

எல் சல்வடோரும் ஹொண்டூராசும் அயல்நாடுகள். 1970ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கான தகுதிப் போட்டியில் இரண்டும் 1969 யூன் மாதத்தில் மும்முறை எதிர்ப்பட்டன. ஹொண்டூராசில் ஹொண்டூராசும், சல்வடோரிற் சல்வடோரும் வென்றன. இரு நகரிலும் விருந்தாக வந்தோர் துன்புறுத்தப்பட்டனர். மெக்சிக்கோ நகரில் நிகழ்ந்த மூன்றாவது ஆட்டத்தில் 3-2 என்ற கணக்கில் எல் சல்வடோர் வென்றது. யூலை 14இல் அந்நாட்டுப் படை எல்லையைக் கடந்தது. நான்கு நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சமாதான உடன்படிக்கை 1980இலேதான் கைச்சாத்தாயிற்று. கேட்போர், ஒரு பந்துக்காகவா என்று வியப்பர்.

பந்துக்காக அன்று. ஹொண்டூராஸ் எல் சல்வடோரிலும் ஐந்து மடங்கு பெரிது. மக்கள் தொகையிலோ சிறிது. எல் சல்வடோரின் நிலம் ஒருசில குடும்பங்களின் கையில் இருந்தமையால், நிலமற்ற ஏழை உழவர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் எல்லை கடந்து ஹொண்டூராசிற் குடியேறிப் பயிர்செய்து வாழ்ந்தனர். ஹொண்டூராஸ் தன் காணிச் சீர்திருத்தச் சட்டத்தைச் செயற்படுத்தியபோது, பெருநிலக்காரரின் நிலத்திற் கைவைப்பதற்கு மாறாக, இக்குடியேறிகளை வெளியேற்றத் தொடங்கியது. அகதிகள் திரள்திரளாகத் திரும்பிய அந்த நாட்களிலேதான் பந்தும் உருண்டது. நிலத்தைப் பற்றிய வினாவுக்கு விடையளிக்க விரும்பாத இரு அரசுகளுக்கும் கொடியைப் பற்றிய ஆரவாரம் வாய்ப்பாக அமைந்தது. வென்று உலகக் கிண்ணத்துக்குச் சென்ற எல் சல்வடோர் அங்கே மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் இடாது தோற்றுத் திரும்பியது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். உழவர் இழந்த நிலம் எவருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

தேசிய உணர்ச்சியின் தீங்கு பிற நாட்டவரை நோக்கியே பாயும் என்று எண்ணுதல் தவறு. அது தன் பிள்ளைகளையும் உண்ணும். ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது இலட்சம் மக்களைக் கொண்ட கிழக்கு ஜேர்மனி, 1976ஆம் ஆண்டு மொன்றியல் விழாவில் நாற்பது தங்கப் பதக்கங்களைப் பெற்று, அமெரிக்காவைப் பின்தள்ளிச் சோவியத் நாட்டுக்கு அடுத்த இடத்தில் நின்றது. மகளிர் நீச்சற் போட்டிகள் பதின்மூன்றில் பதினொன்றை அந்நாட்டுப் பெண்களே வென்றனர். இந்த அற்புதத்தின் மறைபொருள் பேர்லின் மதில் வீழ்ந்த பின்னர் வெளிப்பட்டது. 1974 முதல் அரசே திட்டமிட்டு வீரர்களுக்கு ஆண்மைச் சுரப்பு மருந்துகளை ஊட்டிவந்தது. பருவம் எய்தாத சிறுமியர் பலருக்கு விற்றமின் குளிகை என்று கூறி நீலநிறக் குளிகைகள் கொடுக்கப்பட்டன. குரல் தடித்தோர், ஈரல் நோயுற்றோர், வாழ்நாள் முழுவதும் மருத்துவரை நாடவேண்டியோர் எனப் பலர் பின்னர் நீதிமன்றத்திற் சாட்சியம் கூறினர். அந்நாட்டு விளையாட்டுத்துறைத் தலைவராயிருந்த மன்பிரெட் ஏவல்ட் 2000ஆம் ஆண்டிற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அப்பிள்ளைகளை அவரிடம் நம்பி ஒப்படைத்தோர் பெற்றோரும் ஆசிரியருமே. பயிற்றுநர் கையிற் கொடுத்த குளிகையை ஏன் என்று கேளாது விழுங்குமாறு கொடிக்கு அத்துணை மதிப்பு ஏற்றப்பட்டிருந்தது. மூன்று எடுத்துக்காட்டுகளிலும் மிகக் கொடியது இதுவே என்பது என் கருத்து. ஏனெனில் இங்கே பகைவன் என ஒருவன் இருக்கவேயில்லை.

நன்மைப் பக்கமும் அதே அரங்குகளிலேயே விளைந்தது. 1956ஆம் ஆண்டு மெல்போன் விழா தொடங்குதற்குச் சில நாட்கள் முன்னர், நவம்பர் 4இல், சோவியத் படை ஹங்கேரியின் எழுச்சியை நசுக்கியது. அச்செய்தியின் முழுமையை ஹங்கேரிய வீரர் அவுஸ்திரேலியா சேர்ந்த பின்னரே அறிந்தனர். திசெம்பர் 6இல் நீர்ப்பந்தாட்டத்தில் இரு நாடுகளும் சந்தித்தன. ஹங்கேரி 4-0 என முன்னின்றபோது, சோவியத் வீரர் ஒருவர் அடித்த அடியால் எர்வின் சாடோர் என்பவரின் கண்ணருகே கிழிந்து குருதி பெருகியது. பார்த்திருந்தோர் கொதித்தெழவே ஆட்டம் இடையில் நிறுத்தப்பட்டது. இதனைக் கூறுவோர் இரண்டு நாட்களின் பின் நிகழ்ந்ததை ஏனோ கூறாது விடுவர். சீன வழியினரான ஜோன் இயன் விங் என்னும் பதினேழு வயது அவுஸ்திரேலிய இளைஞன், நிறைவு நாளில் வீரர் அனைவரும் நாடு பிரித்து நடவாது ஒன்றாய்க் கலந்து நடத்தல் வேண்டும் என விழாக் குழுவினர்க்குக் கடிதம் எழுதினான். அவர்களும் அதனை ஏற்றனர். அவ்வாறே திசெம்பர் 8இல் எல்லா நாட்டாரும் கலந்து நடந்தனர். அவ்வழக்கம் அன்றுதொட்டு ஒலிம்பிக் நிறைவு விழாவில் நிலைபெற்றுள்ளது. ஹங்கேரிய வீரருட் பலர் தாய்நாடு திரும்பவில்லை என்பதையும் மறத்தலாகாது.

தென்னாபிரிக்காவின் கதை பலர் அறிந்ததாதலின் சுருங்கக் கூறுவேன். நிறவெறி ஆட்சியில் அந்நாட்டின் றக்பிக் குழுவும் அதன் மான் சின்னமும் வெள்ளையருக்கே உரியனவாயிருந்தன. கறுப்பு மக்கள் எதிரணியை வாழ்த்துதலையே வழக்கமாகக் கொண்டிருந்தனர். 1995 யூன் 24இல் ஜொகன்னஸ்பேர்க்கில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், இருபத்தேழு ஆண்டு சிறையிருந்து மீண்ட நெல்சன் மண்டேலா அச்சின்னம் பொறித்த சட்டையை அணிந்து வந்தார். நியூசீலாந்தை 15-12 என வென்ற பின்னர்க் கிண்ணத்தை அவரே அணித்தலைவர் கையிற் கொடுத்தார். அக்காட்சி மெய்யானது; அதன் பயனும் மெய்யானது. எனினும் அன்று களமிறங்கிய பதினைவருள் வெள்ளையரல்லாதவர் ஒருவரே. 2019இல் அதே கிண்ணத்தை அந்நாடு வென்றபோது சியா கொலிசி என்னும் கறுப்பினத்தவர் அணித்தலைவராக நின்றார். ஒரு பிற்பகலில் வாக்களிக்கப்பட்டது நிறைவேறத் தொடங்க இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. அரங்கில் விளையும் ஒற்றுமையை நான் கடன் என்றே கூறுவேன். பாடசாலையிலும் காணியிலும் தொழிலிலும் அது திருப்பிச் செலுத்தப்படுதல் வேண்டும்.

நம் நாட்டின் கணக்கு எத்தகையது? 1948 பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு யூலை 31இல் இலண்டனிலே டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பறங்கியர் சமூகத்தவரான அவரைத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தம்மவர் என்றே கொண்டாடினர். அதனையடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2000ஆம் ஆண்டிற் சுசந்திகா ஜயசிங்க ஓடும்வரை நாடு காத்திருந்தது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போனிலும் இலங்கைக்காக உயரம் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் அவர் தங்கம் வென்றார். ஆசிய விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. அவ்விழா மே 24இல் தொடங்கி யூன் 1இல் முடிந்தது. இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் பரவியதும், மே 27இல் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டதும், தமிழ் அகதிகள் கப்பலேற்றப்பட்டுப் பருத்தித்துறைக்கு வந்திறங்கியதும் அதே காலத்தில். டோக்கியோவில் ஒரு தமிழருக்காக ஏறிய கொடி எதுவோ, அதே கொடியின்கீழ் அவருடைய இனத்தவர் வீடிழந்துகொண்டிருந்தனர். அவர் பாய்ந்தது பொய்க்காக அன்று. நாடு தனக்குக் கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொண்டது, கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவில்லை.

1996இன் செய்தி இன்னும் சிக்கலானது. அவ்வாண்டு சனவரி 31இற் கொழும்பு மத்திய வங்கி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானபின், அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ணக் கிரிக்கெற் ஆட்டங்களுக்குக் கொழும்புக்கு வர மறுத்தன. அப்போது இந்திய, பாகிஸ்தானிய வீரர் கலந்த ஓரணி பெப்ரவரி 13இற் கொழும்பிலே இலங்கையுடன் விளையாடியது. மும்முறை போரிட்ட இரு நாடுகளின் வீரராகிய தெண்டுல்கரும் வசீம் அக்ரமும் ஒரே அணியில் நின்றனர். சரியாக ஒரு மாதம் கழித்துக் கல்கத்தாவில் நிகழ்ந்த அரையிறுதியில், தம் அணி தோற்பதைப் பொறாத இரசிகர் போத்தல்களை வீசி இருக்கைகளுக்குத் தீ மூட்டவே, ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. ஒரே துணைக்கண்டம், ஒரே விளையாட்டு, ஒரே மாதம்.

மார்ச் 17இல் லாகூரில் இலங்கை ஏழு விக்கெற்றுக்களால் அவுஸ்திரேலியாவை வென்றது. அவ்வணியில் முத்தையா முரளிதரன் இருந்தார். அதற்கு முந்திய திசெம்பரில் மெல்போனில் அவருடைய பந்துவீச்சு முறையற்றது என நடுவர் ஒருவர் தீர்த்தபோது, சிங்களவரான அணித்தலைவர் அர்ச்சுன ரணதுங்க அவருக்காக உறுதியாக நின்றார்; நாடும் நின்றது. அதனைக் குறைத்துக் கூற எவருக்கும் உரிமையில்லை. கொழும்பு வீதிகளில் அன்றிரவு எல்லா இனத்தவரும் மகிழ்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் வீடுகளை விட்டகன்ற வலிகாமத்து மக்கள் அன்று தென்மராட்சியிலும் வன்னியிலும் அகதிகளாக இருந்தனர். அவர்கள் திரும்பத் தொடங்கியது ஏப்ரில் மாதத்திலேதான்.